ஒரு துண்டு சங்கரா

அக்கா,

இன்று காலை உன் வீட்டுக் கூடத்தில் இருந்தது நாலு பேர்: நான், அத்தான், சேதராப்பட்டு கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நின்ற உன் மகள் செல்வி, பிசியோதெரபி செய்ய வந்த பெண். அவள் இஞ்ச் டேப்பை எடுத்து அத்தானின் கெண்டைக்காலை அளந்தாள். உன் ரவிக்கைகளைத் தைக்க நான் வைத்திருந்த மாதிரியே மஞ்சள் டேப்.

"அம்மா போனதுலேருந்து ஒக்காந்தேதான் இருக்காரா?" என்று கேட்டாள். செல்வி தலையாட்டினாள்.

"மனசு சோர்ந்தா ஆளு நடக்க மாட்டாங்க, சாப்பிட மாட்டாங்க. சதை கரைஞ்சிடும். அப்புறம் எழுந்திரிக்க முடியாது. முடியலயேன்னு மனசு இன்னும் விட்டுடும். மீன், முட்டை நல்லா குடுங்க."

மீன் என்றதும் உன் நினைப்புதான் வந்தது.

பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு நீ முன்னால் போவாய். ஒற்றைப் பைக்கே எனக்கு மூச்சு வாங்கும். "என்னடி, நீ பையத் தூக்குறியா, பை ஒன்ன இழுக்குதா?" என்பாய். அப்படிப்பட்டவள் ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தாய். அப்புறம் வேலை எதற்கும் எழவில்லை. எதனால் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மயிலம் முருகனுக்குப் பதினோரு செவ்வாய்க்கிழமை உபவாசம் என்று வேண்டிக்கொண்டேன். உனக்கான வேண்டுதல், நீயும் விரதம் இருக்கணும் என்றேன். முடியும்வரை வீட்டில் மீன், முட்டை என்று கவிச்சி எதுவும் கிடையாது. நோட்டில் கோடு போட்டு வாராவாரம் குறித்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்குள் உன் ரவிக்கையை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன். "பாத்துடி, இன்னொரு தடவ பிடிச்சா உள்ள ஆளே இருக்க மாட்டா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஏழாவது வாரம் நீயாக வாய்திறந்து கேட்டாய். "ஒரு துண்டு சங்கரா வறுத்துக் குடேன்டி, நாக்கு கேக்குது."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ ஆசைப்பட்டது அந்த ஒரு துண்டு மீனுக்குத்தான்.

"விரதம் கெட்டுடும்க்கா. இன்னும் நாலே வாரந்தான்" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை.

கடைசி விரதம் முடிந்த மறுநாள் குளியலறையில் விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்து, ஒரு மாதம் படுத்துக் கிடந்து, போய்விட்டாய். முருகன் மேல் எனக்குக் குறையில்லை. உன்னைப் பட்டினி போடு என்று அவன் சொல்லவில்லை, நான்தான் போட்டேன்.

இப்போது அத்தான். "கைய ஊனாம எழுந்திரிங்க" என்றாள் அந்தப் பெண். பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். "தூக்காதீங்கம்மா, அவராத்தான் எழுந்திரிக்கணும்" என்று என் கையை விலக்கினாள். அத்தான் என்னைப் பார்த்தார். "அவளே போயிட்டா. நான் எழுந்து எங்க போவப்போறேம்மா?"

மதியம் மீன் குழம்பு வைத்தேன், தட்டைத் தள்ளிவிட்டார்.

நாற்பது வருஷம் தினமும் அவரை எழுப்பினவள் நீ. என்ன சொல்லி எழுப்புவாய்? நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் மறுபடியும் வருகிறாள். அதற்குள் எனக்குச் சொல்லிவிடு, அக்கா.