குலுங்காத டப்பா

ஜூலை 7, திங்கள்
இன்று வஞ்சிரம் பளபளவென்று வந்தது. பழைய வாடிக்கைகூட என் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறது. என் பிள்ளை சேரன் உட்கார்ந்து மீன் வெட்டின பலகை அப்படியே கிடக்கிறது. சித்திரையில் போனான்.

ஜூலை 9, புதன்
எதிர்க்கடை கன்னியம்மா இன்றுதான் வாயைத் திறந்தாள்.
"யக்கா, உன் புள்ளைக்கு எச்.ஐ.வி. கீதுன்னு முதல்ல சொன்னது நம்ம ஹவுசிங்போர்டு பிளாக்ல கீற ரத்னாதான். அவன் வெட்டுற மீன வாங்காதீங்கன்னு குழாயடில சொல்லிக்கினு இருந்தா."
ரத்னா! ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற அறை வாசலில் உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறவள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசி என்ன பிரயோஜனம், வாசலில் இவள் இருக்கும்போது?
"மீன் வெட்டுனா எல்லாம் வராதும்மா. மாத்திரை போட்டா கிழவனாகுற வரைக்கும் இருப்பேன்" என்று சிரித்தவன்தான் சேரன். பிறகு ஒருநாள், "அந்த வாசல்ல போய் நிக்க முடியலம்மா" என்றான். மாத்திரை நின்றது. காசநோய் வந்தது. அள்ளிக்கொண்டு போய்விட்டது.
அந்த வாசலில் இருந்தவள் இவள்.

ஜூலை 10, வியாழன்
கத்தியைச் சாணை பிடித்தேன். மீனுக்குத்தான்.
மீனுக்குத்தானா?

ஜூலை 14, திங்கள்
அடையாறு போனேன். சேரனுக்கு ஆலோசனை சொன்ன அனுப்ரியா மேடம் இப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரத்னாவை என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் போனேன். மேடத்தைப் பார்த்ததும் வேறு கேட்டேன்.
"என் புள்ள உங்ககிட்ட இன்னா சொன்னான்?"
"அவர் சொன்னத உங்ககிட்டகூட சொல்லக்கூடாதும்மா."
"அவன்தான் செத்துட்டானே!"
"செத்தாலும் அதேதாம்மா."
ஆத்திரமாக வந்தது. பிறகு அவரே, ரத்னா செய்தது குற்றம், புகார் கொடுக்கலாம், எழுத உதவி செய்கிறேன் என்றார். கொடுத்தால் என்ன ஆகும்? வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். எனக்கு அது போதாது. அவள் வயிறு எரிய வேண்டும், என் வயிறு மாதிரி.
வெளியே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, மாத்திரை டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்தாள். நடக்கும்போது குலுங்கிச் சத்தம் வரக்கூடாதே. அதே டப்பா. சேரனும் இப்படித்தான் செய்வான். துப்பட்டா நழுவியது.
தமிழ்நிலா. ரத்னாவின் ஒரே மகள். அம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஆறு தாண்டி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள்.
வீடு வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். சாமி இருக்குது.

ஜூலை 18, வெள்ளி
இப்போதெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறது. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். எல்லாப் பொம்பளைகளும் வருவார்கள். அங்கே வைத்துச் சொல்லுவேன். மைக் கிடைத்தால் மைக்கிலேயே.

ஜூலை 27, ஞாயிறு
கூழ் ஊற்றினவள் ரத்னா. என் தூக்குவாளியில் கரண்டி பட்டுவிடக்கூடாதாம், முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். கையெல்லாம் தெறித்தது.
"தள்ளிப் புடிக்கா. எல்லாரும் குடிக்கிறது."
"என் புள்ள செத்தும் உனக்கு அடங்கலையாடி?"
"ஊரு நல்லதுக்குத்தானே சொன்னேன். நான் இன்னா, பொய்யா சொன்னேன்?"
வரிசையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. இதுதான் நேரம்.
"உன் பொண்ணு..." ஆரம்பித்துவிட்டேன்.
தமிழ்நிலா பக்கத்தில் நின்று எல்லாருக்கும் வெங்காயம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. அழவில்லை. தோளில் கிடந்த பையை மட்டும் விலாவோடு அழுத்திப் பிடித்தாள். சேரன் பிடிக்கிற மாதிரியே.
"எம் பொண்ணுக்கு இன்னா?" என்றாள் ரத்னா.
"உன் பொண்ணு எனக்கு வெங்காயம் வைக்கலடி."
எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு கை நிறைய அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.
வீட்டுக்கு வந்து என் வாயிலேயே அடித்துக்கொண்டேன். வுட்டுட்டேனே! கையில கெடச்சவள வுட்டுட்டேனே!

ஜூலை 30, புதன்
மறுபடி அடையாறு. ரத்னா மேல் புகார் கொடுத்தாச்சு. மேடம் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். சேரன் பேர் மட்டும்தான் அதில். வேறு யார் பேச்சையும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்
வீட்டு வாசலில் தமிழ்நிலா.
"பெரிம்மா, வூட்ல வெச்சா அம்மா பாத்தவுடனே கண்டுபுடிச்சிரும். டூட்டில தினம் பாக்குற டப்பா. இங்க வெச்சிக்கவா?"
சேரன் படத்துக்குப் பின்னால் இடம் காட்டினேன். அவன் டப்பா இருந்த இடம்.

ஆகஸ்ட் 5
வந்தாள். போட்டுக்கொண்டாள். போனாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
ரத்னாவை அந்த வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயடியில் என்னை மடக்கினாள்.
"எழுதிக் குடுத்தது நீதான்னு தெரியும். அது போவட்டும். எம் பொண்ணு தினம் சாயங்காலம் உன் வூட்டுக்கு இன்னாத்துக்கு வருது? என்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்குது. உன்கிட்ட இன்னா சொல்லுது? சொல்லுக்கா."
கண் கலங்கியிருந்தது அவளுக்கு. நிதானமாக, நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.
"அத அவகிட்டயே கேளு."
குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
டப்பாவில் பஞ்சு இறங்கியிருந்தது. பெண் வருவதற்குள் புதுசு அடைத்து வைத்தேன். குலுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை.