ஒரு வாரம் முன்கூட்டியே

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். மறுநாளே பல் லேபுக்கு வேலைக்குப் போயாயிற்று. என் மேசை நிறையப் பல்செட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன. போனில் நான் கத்துவதும் உங்களுக்குப் பாதி கேட்காமல் போவதும் வேண்டாமென்றுதான் எழுதுகிறேன்.

கிளம்புகிற அவசரத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் போன் காலண்டரில் சொந்தக்காரர்கள் எல்லாருடைய பிறந்தநாளையும் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா இருந்தவரை அம்மாதான் உங்கள் காதில் ஓதுவாள். இனிமேல் போன் ஓதும். வருஷாவருஷம் தானாக வரும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். உன் போன் என் மானத்தை வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சின்ன மாமா பிறந்தநாள். ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அவன் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "அத்தான், எனக்கு வயசு ஏற இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஏன் கிழவனாக்குறீங்க?" என்றான். உன் அத்தை சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

இன்னொன்று. அதில் உன் பெரியப்பா பேரும் இருக்கிறது. எடுத்துவிடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூடப் பிறந்தவர் சொல்கிற பேச்சா அது? "போதும்டா, அவளை நிம்மதியா போக விடு." இரண்டு வருஷமாக முகத்தில் விழிக்காதவருக்கு என்ன வாழ்த்து?

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பேருக்குக் கீழே 'இன்னும் ஒரு வாரத்தில்' என்று பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். அன்றைக்கே வந்தால் அவசரமாக ஒரு வாழ்த்து அனுப்பத்தான் நேரம் இருக்கும். ஒரு வாரம் இருந்தால் துணி எடுக்கலாம், பஸ் பிடிக்கலாம், யோசிக்கலாம்.

பெரியப்பா பேரை நான் எடுக்க மாட்டேன். அதைத் தொட்டால் 'நீக்கு' என்று வரும். வேண்டுமானால் நீங்களே அழுத்துங்கள். அவர் சொன்னது எனக்கும் வலித்தது அப்பா. ஆனால் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

வாலு


மே 14

அன்பு மகளுக்கு,

'நீக்கு' வரைக்கும் போனேன். அழுத்த மனசு வரவில்லை. போனை மூடி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை அதிர்ந்தது. இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். நேற்றுக் காலை உன் பெரியப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தவர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. உனக்குப் பிறந்தநாள் வருதுல்ல."

"அது புதன்கிழமைடா."

"தெரியும். முன்னாடியே வந்தேன்."

குரல் கரகரவென்று இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஊரில் பாதிப் பேரைத் திட்டித் தீர்த்த தொண்டையாயிற்றே, தேய்ந்துதான் போகும் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தொண்டையில் கட்டியாம். செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். குரல்வளையையே எடுக்கிறார்களாம். உயிர் தங்கும், பேச்சு வராது. தனிக்கட்டை, யாரிடம் சொல்ல என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

எனக்குக் கேட்கிற காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் பொண்டாட்டிதான்டா என்கிட்ட கேட்டா. 'இதுக்கு மேல தாங்க முடியலை, அவர்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா உடைஞ்சிடுவார்'னு."

"அதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"உன்னை விட்டுட்டுப் போக அவளே கேட்டான்னு உனக்குத் தெரியணுமா? என்மேல கோபமா இருந்துட்டுப் போ, நான் தாங்குவேன்னு இருந்தேன். இப்ப சொல்லலைன்னா இனி என் வாயால சொல்ல முடியாது."

சாயங்காலம் வரை பேசினார். என்னையும் திட்டினார். நான் குறுக்கே பேசவில்லை. செவ்வாய்க்கிழமை நான்தான் கூடப் போகிறேன்.

அப்பா


மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்தேன். மேசையை விட்டு எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா என்னிடமும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால், உன்னைப் போக விட முடியாது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையும்.

வாலு


ஜூன் 9

அன்பு மகளுக்கு,

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறந்தநாளன்று அவர் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து எழுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக்கு வா என்றால் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "எதிர்த்துப் பேசத்தான் இனி உன்னால முடியாதே, கிளம்பு" என்று சொல்லி அவர் பையை எடுத்து வைத்துவிட்டேன். முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

அம்மாவின் கட்டிலில் இதுவரை யாரையும் உட்காரக்கூட விட்டதில்லை. இன்று காலை அதை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு, புது விரிப்பு விரித்திருக்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

அப்பா