வாசலில் கழற்றிய செருப்பு

புதுத் தோல் வாசனை அடித்தால் நம் ஊர்ப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோல் பதனிடும் ஊரிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு நமக்கு. ஆனால் நேற்று ஆங்கிலத் துறை வராண்டாவில் அந்த வாசனை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல எனக்கு முகம் இருக்கிறது?

துணைப் பதிவாளராக நீ அந்த அறைக்குள் நுழைந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஆசிரியர்களின் குறை கேட்கும் சீட் அது. வாசலில் செருப்புகள் கிடந்தன. அதிகாரி அறைக்கு வெறுங்காலோடு போவது நம் பல்கலைக்கழகத்தில் யாரும் போடாத சட்டம். நீ எழுந்து வெளியே வந்தாய்.

"இன்னா சார் இது, கோயிலா? போட்டுகினு உள்ள வாங்க."

வயதான பேராசிரியர் ஒருவர், "பரவால்ல சார், மரியாதைக்கு" என்று நெளிந்தார். நீ உன் செருப்பையும் உதறிவிட்டு, "அப்ப நானும் கழட்டிடறேன், சமமா பேசலாம்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். மறுவாரம் செருப்போடு வந்தார்.

அந்த முதல் நாள் சாயங்காலம் டீக்கடையில் உன்னை நான் கிண்டல் செய்தேன், பெரிய புரட்சிக்காரன் வந்துட்டான்டா என்று. நீ சிரிக்கவில்லை. "எங்கம்மா ஆம்பூர் கம்பெனியில நாள் பூரா ஷூ தைக்குது. சூப்பர்வைசர் ரூமுக்குப் போனா வெறுங்கால்ல நிக்குது. நம்ம ஊர்ல இத விட கேவலம் எதுனா இருக்குதாடா?" அப்புறம் வழக்கம்போல, "வாத்தியாரு நம்ம வாசல்ல நின்னா, அங்க ஒரு கிளாஸ் காலியா கெடக்குதுன்னு அர்த்தம்" என்றாய். அதனால்தான் கையெழுத்தான உத்தரவை நீயே எடுத்துக்கொண்டு துறை துறையாக நடப்பாய். வேலையத்தவன் என்று பின்னால் பேசியவர்களில் நானும் உண்டு, போ.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். உன் சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். முதல் நாளே யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இன்னும் சிலர். நானா கழற்றச் சொன்னேன்? இல்லையே! இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் அது இனித்ததடா. கதவைத் திறந்ததும் வாசல் நிறையச் செருப்பைப் பார்க்கையில் நெஞ்சு நிமிர்ந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாமே, அந்த அற்பன் நான்தான்.

கலைவாணி என்று ஒரு கௌரவ விரிவுரையாளர். பேரணாம்பட்டைத் தாண்டி ஒரு கிராமம். காலையில் அவர் வரும் பஸ், முதல் வகுப்பு தொடங்கிய பிறகுதான் இங்கே வந்து சேரும். வருகைப் பதிவில் தினமும் தாமதம் என்று விழுகிறது. "முதல் ஹவர ரெண்டாவதா மாத்திக் குடுத்தா போதும் சார். இப்டியே போனா அடுத்த வருஷம் என்னை வேலைக்கு எடுக்கமாட்டாங்க" என்று பலமுறை வந்து நின்றார். ஒரு நிமிட வேலை. நான் ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா" என்றேன்.

போன வாரமும் அதையே சொல்லி அனுப்பினேன். சற்று நேரத்தில் அலுவலக உதவியாளர் முனிரத்தினம் உள்ளே வந்தார். "சார், அந்த மேடத்தோட செருப்புல ஒண்ண நாய் தூக்கினு போய்டுச்சு. தேடிப் பாத்தோம், காணல. பரவால்லண்ணான்னு சிரிச்சிட்டு வெறுங்கால்லயே போறாங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் ஊர்ப் பங்குனி வெயில் உனக்குத் தெரியாததா? தார் ரோட்டில் ஒரு மர நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு அந்தப் பெண் ஓடி ஓடிப் போய்க்கொண்டிருந்தார். நான் ஏசியில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டு ஆட்டோ வைத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சீ, நானும் ஒரு மனிதனா என்று வீட்டுக்குப் போய்த்தான் தோன்றியது.

நேற்று நேர மாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். முனிரத்தினம் கை நீட்டினார். கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு ஆங்கிலத் துறைக்கு நடந்தேன், உன்னைப் போல. போகிற வழியெல்லாம் கொஞ்சம் பெருமை கூட. பார்த்தாயா, எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று உன்னிடம் மனசுக்குள் பீற்றிக்கொண்டே போனேன்.

வகுப்பு வாசலில்தான் அந்த வாசனை. கலைவாணி காலில் புதுத் தோல் செருப்பு. என்னைப் பார்த்தவர், பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தார். வாசற்படியில் நின்று, பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு என் முன்னால் வந்து நின்றார்.

"சார், சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனே."

அவருடைய வகுப்பு, அவருடைய வாசல். கூனிக் குறுகிப் போனேன். "போட்டுக்கோங்கம்மா" என்றேன். "பரவால்ல சார்" என்று சிரித்தார். போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் சொன்னேன். கால் விரல்களை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றார். நீ செய்ததுபோல என் ஷூவைக் கழற்றலாமா என்று நினைத்தேன். அவர் இன்னும் பயந்துவிடுவார் என்று பட்டது. காகிதத்தைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நான் வராண்டாவைக் கடந்து, படி திரும்பி, அவர் கண்ணுக்கு முழுதாக மறைந்த பிறகுதான் பின்னால் அந்தப் புதுச் செருப்பின் சத்தம் கேட்டது. இன்று காலை உன் சீட்டில் வந்து உட்கார்ந்தும் அதுதானடா கேட்டுக்கொண்டிருக்கிறது.