குருத்தில் நின்ற தண்ணீர்

செப். 9, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கடைக்கு மல்லிப்பூ வரத்து குறைவு, வந்ததும் நனைந்தது. செல்வியை ஹனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. அடுத்த வாரம்தான் வருவாள். பஸ் கிளம்பும்வரை ஆர்க்கிட் பேச்சுதான்.

"காலைல மட்டும் ஊத்தோணுமுங்க. வேரு வெள்ளையாத் தெரிஞ்சா மட்டும். பச்சையா இருந்தா விட்டுப்போடுங்க. மேல தெளிக்கவே கூடாது, கேட்டுச்சுங்களா?"

கேட்டது. காலமெல்லாம் பூவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிழைக்கிறவனுக்குப் பாடம்.

மாடியில் அவள் தொட்டிகள். மண் கிடையாது, மரப்பட்டைத் துண்டும் கரியும்தான். ஃபலனாப்சிஸ் என்கிற வெள்ளை ஆர்க்கிட் ஒன்று மட்டும் நீளமாகக் காம்பு விட்டு, பட்டாம்பூச்சி வரிசை கட்டியதுபோல் பூத்திருக்கிறது. தசரா மலர்க் கண்காட்சிக்கு அதைக் கொடுக்கப்போகிறாள். 21ஆம் தேதி கொண்டுபோய் வைக்க வேண்டும். கடை, வீடு, ஸ்கூட்டர், கேஸ் கனெக்ஷன் எல்லாம் என் பெயரில். இது மட்டும் அவள் பெயரில். விண்ணப்பத்தில் கணவர் பெயர் கேட்ட இடத்தைக் காலியாக விட்டுவிட்டாளாம். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செப். 11, வியாழன்

மதியம் வெயில் சுள்ளென்று. கடை மூடி வந்து பார்த்தால் இலை கொஞ்சம் துவண்ட மாதிரி. சம்பங்கிக்குச் செய்வதைத்தான் செய்தேன்: நன்றாகத் தெளித்து, குச்சி நட்டு, ஈரச் சாக்கு போர்த்தினேன். பூ விற்கிறவன் சாயங்காலம் வேறென்ன செய்வான்.

வாங்க வேண்டியது: வாழை நார், பிளாஸ்டிக் கவர், பல்வலி மாத்திரை.

செப். 12, வெள்ளி

பூ பளிச்சென்று இருக்கிறது. செல்வி சும்மா பயமுறுத்துகிறாள். இன்றும் தெளித்து மூடினேன். ராத்திரி நல்ல மழை.

செப். 14, ஞாயிறு

நடு இலையின் அடி பழுப்பாக இருந்தது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மூட்டைக்குள் மறந்துபோன சாமந்தியின் நாற்றம். எனக்குத் தெரியாத நாற்றமா.

விஜயநகரில் செல்வி செடி வாங்கும் நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"நடுக்குருத்துல தண்ணி நின்னு அழுகிடுச்சு சார். இனி மேல வளராது. பூ இன்னும் கொஞ்ச நாள் நிக்கும், அதை நம்பாதீங்க. காம்பை வெட்டிட்டா அடியில பக்கக் கன்னு விடலாம். விடும்னு சொல்லல."

சாயங்காலம் செல்வி போட்டோ கேட்டாள். பூவை மட்டும் எடுத்து அனுப்பினேன். கூடையில் நல்லதை மேலே வைப்பது எனக்குக் கைவந்த வேலை.

செப். 16, செவ்வாய்

"அடியை எடுத்து அனுப்புங்க" என்றாள். சிக்னல் இல்லை என்றேன்.

"மொட்டை மாடில சிக்னல் இல்லீங்களா?"

போனை வைத்துவிட்டேன். நர்சரிக்குப் போய்க் காய்ந்த பாசி வாங்கி வந்து குருத்தின்மேல் பரப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண்காட்சியில் யார் கிளறிப் பார்க்கப்போகிறார்கள். அவள் பெயர் எழுதின அட்டை ஒரு வாரம் அங்கே நிற்கட்டும். பிறகு செத்தால் சாகட்டும்.

செப். 17, புதன்

வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராக மாடி. ஒரு விரலால் பாசியை ஒதுக்கினாள்.

"எப்பருந்துங்க?"

"ஞாயித்துக்கெழமை பாத்தேன்."

"அன்னிக்குத்தான போட்டோ அனுப்புனீங்க."

"பூவுக்கு ஒண்ணும் ஆகல செல்வி. கண்காட்சி முடியற வரைக்கும் நிக்கும். கொண்டுபோய் வெச்சிரு. உன் பேருல பரிசு வரட்டும்."

"அழுகுனத மூடி, மேல எம் பேர எழுதி வெக்கறதுங்களா? அது உங்க வியாபாரமுங்க."

அதற்குமேல் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. கத்தியை அடுப்பில் காட்டிக்கொண்டு வந்தாள். காம்பை அடியோடு வெட்டினாள். அழுகலைச் சுரண்டி எடுத்து, மேலும் பரவாமலிருக்க சமையலறை லவங்கப்பட்டைத் தூளை அந்தக் குழியில் தூவினாள். பூவோடு காம்பை என் கையில் கொடுத்தாள்.

"கடைக்குக் கொண்டு போங்க. செடி என்ர கிட்ட இருக்கட்டும்."

செப். 18, வியாழன்

கூட்டம் நல்ல கூட்டம். காம்பைக் கடையின் பின்பக்கம் வாளியில் வைத்திருந்தேன். மண்டப அலங்காரம் செய்யும் நாகராஜ் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணா, ஆர்க்கிட்லாம் வெச்சிருக்கீங்க. இனிமே நம்மகிட்ட பேசுவீங்களா?"

விற்பதற்கில்லை என்று வாய்வரை வந்தது. அவனே போய்விடட்டும் என்று கண்டபடி ஏற்றி ஒரு விலை சொன்னேன். "ஆய்த்து அண்ணா" என்று கன்னடத்தில் சரி சொல்லி, பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடுத்த ஆளுக்கு மல்லி முழம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள். பணத்தை வைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, குழம்பு ஊற்றினாள்.

செப். 20, சனி

மழை இல்லை. மாடிக் கதவில் புதுப் பூட்டு. எதற்கு என்று கேட்டேன்.

"மேல போகோணும்னா கூப்புடுங்க, தொறந்து விடறேன்."

சாவி அவள் இடுப்பில். காலையில் மேலே தொட்டி நகர்த்தும் சத்தம். படிக்கட்டின் அடியில் நின்று, பிழைக்குமா என்று கேட்டேன். சத்தம் நின்றது.

"பொழச்சாச் சொல்றனுங்க."