மூன்று லாஞ்சியும் இருபத்தொரு கடதாசியும்

என் அன்புக்கும் பகிடிக்கும் உரிய பிலோமினா மச்சாள்,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். உங்களிடம் இனி என்னத்தை விசாரிக்கிறது? ஆகவே எங்கள் சுகத்தைச் சொல்லுகிறேன். உங்கள் மகள் மேரி சுகம். பூனை சுகம், கொழுத்தும் போய்விட்டது. குசினிக் கூரையில் நீங்கள் தார் வைத்து அடைத்த ஓட்டை திரும்ப ஒழுகுகிறது. அண்ணாவைப் பற்றிப் பிறகு ஆறுதலாகச் சொல்லுகிறேன்.

நீங்கள் கண் மூடிய ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். பங்குக் கோயில் சனத்தில் படித்தவர்கள் எல்லாரும் பொறுமையின் உறைவிடம், பண்பின் சிகரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குச் சிகரம் ஏறத் தெரியாது. மச்சாளின் கடதாசி வித்தையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "மாமி, உது கோயிலிலை குடுக்கிற புத்தகம்" என்றாள் மேரி. கோயிலுக்கு வருகிறவர்களும் வீட்டில் சீட்டுப் பிரித்து முந்நூற்றி நாலு விளையாடுகிறவர்கள்தானே?

நீங்கள் பொறுமைசாலி என்று எழுதியவர்கள் உங்களோடு ஒரு நாளாவது இறால் உரித்திருக்கமாட்டார்கள். அது போகட்டும்.

வித்தையை வித்தையாக மட்டும் பார்த்தால் அதற்கு நான் நூற்றுக்கு முப்பத்தைந்து புள்ளிதான் போடுவேன். கோபிக்காதீர்கள். கைச் சுத்தம் வேண்டாம், சட்டைக் கைக்குள் ஒளிக்க வேண்டாம். பதினொன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும். இருபத்தொரு கடதாசியை ஒவ்வொன்றாக மூன்று வரிசையில் போடுகிறது. பார்க்கிறவர் ஒரு கடதாசியை மனதில் வைத்துக்கொண்டு எந்த வரிசை என்று மட்டும் சொல்லுகிறார். அந்த வரிசையை நடுவில் வைத்து அள்ளுகிறது. இப்படி மூன்று முறை செய்தால் அவர் நினைத்தது மேலிருந்து பதினோராவதாக வந்து நிற்கும். அதுவாகவே வரும். செய்கிறவர் நித்திரை கொண்டாலும் வரும்.

புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது. பார்க்கிறவருக்கு இதைவிட அலுப்பானதும் கிடையாது. போடு, அள்ளு, போடு, அள்ளு. மூன்றாம் முறை போடுகிறபோது மனிசர் வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வருவார்கள். நேவித் தளத்தில் வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் நீங்கள் பிள்ளை பார்த்த வீட்டில், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் துரைசாணி இதைக் காட்ட, பிள்ளை பாதியில் தூங்கிப்போனது என்று நீங்களே சொன்னீர்கள். வித்தையின் பலன் அவ்வளவுதான்.

மீதி அறுபத்தைந்து புள்ளி நீங்கள் சொல்லுகிற கதைக்கு.

என் அண்ணா சூசையைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த மூன்று வரிசையும் மூன்று லாஞ்சியாகின. அண்ணா மூதூருக்குச் சனம் ஏற்றுகிற லாஞ்சிப் படகுக்கு இஞ்சின் பார்க்கிறவர் அல்லவா? முதலாவது மூதூருக்குப் போகிறது, இரண்டாவது கிண்ணியாவுக்கு, மூன்றாவது எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. "இந்த இருபத்தொரு பேரிலை ஒராள் இஞ்சின்காரர். வேலைக்குக் கள்ளம், ஒளிச்சிருக்கிறார். ஆரெண்டு மனசிலை வையுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ. எந்த லாஞ்சியிலை ஒளிச்சிருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுங்கோ." எல்லாரும் அண்ணாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் ஒன்றும் அறியாதவர் போல் மூக்கைச் சொறிவார்.

திரும்பத் திரும்ப அள்ளிப் போடுகிறதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தீர்கள். இஞ்சின்காரர் இல்லாததால் லாஞ்சி பழுது. எல்லாரும் இறங்கி மாறி ஏற வேண்டும். சனம் புறுபுறுத்துக்கொண்டு மாறி ஏறுகிறதை நீங்கள் நடித்துக் காட்டுகிறபோது யாருக்கு அலுக்கும்? நான்காவது முறையும் போடச் சொல்லிக் கேட்டவர்களை நான் கண்டனான்.

பிறகு கடைசி லாஞ்சி. எண்ணுகிறது வெளியே தெரியக்கூடாது என்று ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு ஆளை வைத்தீர்கள். பேக்கரிப் பாண்காரர் ஏறுகிறார். கோழிக்கூட்டோடு தோப்பூர் மனிசி ஏறுகிறா. புதுச் சோடி ஏறுகிறது, அதற்கு இரண்டு கடதாசியைச் சேர்த்து வைப்பீர்கள். பல்லுவலியோடு கிளிவெட்டி ஊர் விதானையார், குடை மறந்த சுவாமியார். பத்துப் பேர் ஏறியதும் நிறுத்துவீர்கள். "எல்லாரும் ஏறியாச்சு. லாஞ்சி ஏன் வெளிக்கிடேல்லை?" பதினோராவது கடதாசியைத் திருப்புவீர்கள். "இந்தா, வந்திட்டார்."

குறையும் சொல்ல வேண்டும். கடதாசியை எடுக்க விரலை நாக்கில் தொடுகிற பழக்கம் உங்களுக்கு. பார்க்க அருவருப்பு. துறைமுகத்துப் பெரியவர் வீட்டுக்கு வந்த அன்று பதற்றத்தில் புதுச் சோடிக்கு ஒரு கடதாசியை வைத்து, வித்தை பிழையாகி, பொம்பிளையை விட்டிட்டு மாப்பிளை மட்டும் ஏறிட்டார் என்று சமாளித்தீர்கள். சமாளிப்புக்கு ஐந்து புள்ளி கூட்டியிருக்கிறேன்.

இன்னொரு குறை நான். நீங்கள் காட்டத் தொடங்கினால் முன்கதிரையில் இருந்து என் வாய் சும்மா இராது. "நடு லாஞ்சியிலை கிடக்கு", "மச்சாள் எண்ணுறா பாருங்கோ" என்று குழப்பிக்கொண்டே இருப்பேன். கடைசியில் ஒரு மழை நாளில் இறால் உரித்துக்கொண்டு எனக்கு இரகசியத்தைச் சொல்லித்தந்தீர்கள். அன்றாவது என் வாய் அடங்கும் என்று நினைத்தீர்களாக்கும். அந்தோனியார் மேல் சத்தியமும் வாங்கினீர்கள். "அவருக்கு மட்டும் சொல்லாதை. அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும்" என்றீர்கள். இருபது வருசமாக நான் வயிற்றுக்குள் வைத்திருந்த ஒரே இரகசியம் அதுதான்.

இனி அண்ணாவின் கதை.

உங்களை அடக்கம் செய்த பிறகு அவர் லாஞ்சிக்குப் போகவில்லை. அழவும் இல்லை, குடிக்கவும் இல்லை. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அலுமாரியில் இருந்து உங்கள் கடதாசிக் கட்டை எடுப்பார். மேசையில் மூன்று வரிசை போடுவார், அள்ளுவார், போடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிற்பார். திரும்ப அள்ளுவார். மத்தியானச் சோறு அந்த மேசையின் ஒரு மூலையில். இப்படி இரண்டு மாதம்.

நான் என்ன நினைத்தேன்? மனிசன் இரகசியத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். சொன்னால் உங்களுக்குத் தந்த சத்தியம் போய்விடும். அவரிடம் மிஞ்சிக் கிடக்கிற ஒரு அதிசயமும் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் எழும்பப் போவதில்லை. இரண்டு பக்கத்தாலும் எனக்கு ஏலாது.

ஒரு வெள்ளிக்கிழமை லாஞ்சி முதலாளி மூதூரில் இருந்து வந்து வாசல் படலையடியில் நின்றே என்னோடு கதைத்தார். நல்ல மனிசன், குரலை உயர்த்தவில்லை. பதிலுக்கு வைத்திருக்கிற ஆள் இஞ்சினை அழவைக்கிறானாம். நடுக்கடலில் இரண்டு முறை நின்றுபோய்ச் சனம் ஏசுகிறதாம். திங்கட்கிழமை சூசை வந்தால் வேலை அவருக்கு. வராவிட்டால் வேறு ஆளை நிரந்தரமாகப் போடத்தான் வேண்டும், அல்லா அறிய எனக்கு விருப்பமில்லை என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் நான் அண்ணாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன். சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம்? காட்டக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே.

"தாங்கோ அண்ணா, நான் காட்டுறன். ஒராளை மனசிலை வையுங்கோ."

"நீயோ?" என்று கேட்டுவிட்டுக் கடதாசிக் கட்டைத் தந்தார்.

லாஞ்சிக் கதையை அரையும் குறையுமாகத் தொடங்கினேன். வாய் கதை சொல்ல, கை தன்பாட்டில் போட்டது. மூன்று முறை போட்டு மூன்று முறை அள்ளினேன். சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அண்ணா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரேசா, துரும்பு கேக்கப் போறியோ?"

எனக்கு விளங்கவில்லை.

"நாலு நாலாப் போடுறாய். உது முந்நூற்றி நாலு. அப்பிடிப் போட்டால் பக்கத்திலை இருந்த நாலு பேரும் சேர்ந்தே கிடப்பினம், அவன் தனிய வரான். ஒவ்வொண்டாப் போடு. அவள் ஒவ்வொண்டாத்தான் போடுவாள்."

சின்ன வயதில் இருந்து முந்நூற்றி நாலு பிரித்த கை, மச்சாள். நான்கு நான்காகத்தான் அதற்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்த வெட்கம்கூடப் பிறகுதான் வந்தது. ஒவ்வொன்றாகப் போட வேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

கேட்டேன். இஞ்சின் பார்க்கிறவனுக்கு மூவேழு இருபத்தொன்று தெரியாதா என்றார். கலியாணம் முடித்த முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டாராம்.

"பிறகேன் இவ்வளவு வருசமும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தனீங்கள்?"

"பிளக்காட்டி அவள் திருப்பிக் காட்டமாட்டாள்."

கேட்டீர்களா? நீங்கள் அவருக்கு ஒளித்தீர்கள், அவர் உங்களுக்கு ஒளித்தார், நடுவில் நான் ஒருத்தி அந்தோனியாருக்குப் பயந்து இருபது வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உங்கள் இரண்டு பேரின் நடிப்புக்கும் எத்தனை புள்ளி போடுகிறது?

அப்படியென்றால் இரண்டு மாதமாக என்னத்தைத் தேடுகிறீர்கள் என்றேன்.

"ஆக்களை" என்றார். "ஒன்பது பேர் வந்திட்டினம். சுவாமியார் வரைக்கும் வந்தாச்சு. அதுக்குப் பிறகு ஒராள் இருக்கு. எல்லாரும் சிரிப்பினம். ஆரெண்டு ஞாபகம் வருகுதில்லை. அந்த ஆள் ஏறாமல் லாஞ்சியை என்னெண்டு எடுக்கிறது?"

நான் சிரித்தேன், மச்சாள். மேசையில் கிடந்த கடதாசி சிதறிப் பறக்கும்படி சிரித்தேன். குசினியில் இருந்து மேரி ஓடிவந்து, மாமிக்கு என்ன பிடித்தது என்று பார்த்துவிட்டுப் போனாள்.

"அது நான்தான் அண்ணா."

"நீயோ?"

முன்கதிரையில் இருந்த சொந்தத் தங்கச்சியை மறந்திருக்கிறார். மற்ற ஒன்பது பேருக்கும் நீங்கள் எப்போதும் ஒரே வசனம்தான் சொல்லுவீர்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நக்கல். அதனால்தான் அவர் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. சனம் சிரித்தது மட்டும் நின்றது.

அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நீங்கள் என்னைப் பத்தாவதாக வைத்ததும் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பும். உங்கள் கையில் அடுத்ததாக இருக்கிற பதினோராவதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நான் உங்கள் வித்தையைக் குழப்புகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். என் வாயையே நீங்கள் வித்தைக்கு எடுத்திருக்கிறீர்கள். இதற்கு எவ்வளவு போடலாம் என்று யோசித்தேன். ஏற்கெனவே நூறு தாண்டிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

"அவள் சொன்ன மாதிரி ஒண்டு சொல்லு" என்றார் அண்ணா.

ஊரையெல்லாம் நக்கலடிக்கிற எனக்கு என்னை நானே நக்கலடிக்க ஒன்றும் வரவில்லை. கடைசியில் உங்களுடைய பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. பத்தாவது, திரேசா ஏறுறா. முதல் அவவின்ரை வாய் ஏறும், அரை மணித்தியாலத்தாலை ஆள் ஏறுவா.

அண்ணா மூக்கால் சிரித்தார். கடதாசிகளைப் பொறுக்கி, தானே ஒவ்வொன்றாகப் போட்டார், அள்ளினார், மூன்று முறை. பாண்காரரில் தொடங்கிச் சுவாமியார் வரை அவர் ஏற்றினார். என்னை நான் ஏற்றினேன். பதினோராவதை அவர் திருப்பினார். கிளாவர் ஏழு. முந்நூற்றி நாலில் அதைவிடப் பெறுமதி இல்லாத கடதாசி கிடையாது. அதையா நினைத்தீர்கள் என்று கேட்டேன். ஓம் என்றார்.

திங்கட்கிழமை காலையில் காக்கிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, எண்ணெய்த் துணியைத் தோளில் எறிந்துகொண்டு துறைக்குப் போனார். நான் பின்னாலே போனேன். எனக்கு மூதூரில் ஒரு அலுவலும் இல்லை. இறங்குதுறையில் ஓரமாக நின்று ஏறுகிறவர்களை எண்ணினேன். ஒன்பது பேர் ஏறினார்கள். ஒருவருடைய கையிலும் கோழிக்கூடு இல்லை, அது ஒரு குறைதான். பத்தாவதாக நான் காலை வைத்தேன்.

அண்ணா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து இஞ்சினைப் பிடித்தார். அது அழவில்லை. அன்று தொடக்கம் அவர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை.

இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவர்கள் வித்தையைப் பழகிக்கொள்வார்கள் என்று கவலைப்படாதீர்கள். பழகட்டும். பத்துப் பேரில் ஏழு பேரைத்தான் இங்கே எழுதினேன். மற்றவர்களை அவரவர் தங்கள் தெருவில் தேடிக்கொள்ளட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். வருகிற மாதம் மேரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு நான் வித்தையைக் காட்டுவேன். ஒவ்வொன்றாகப் போடுவேன், விரலை நாக்கில் தொடமாட்டேன், பத்தாவது ஆளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நக்கல் கண்டுபிடிப்பேன். உங்களையும் லாஞ்சியில் ஏற்றச் சொல்லி மேரி கேட்டாள். மாட்டேன் என்றேன். ஏற்றினால் இஞ்சின்காரர் பன்னிரண்டாவதாகப் போய்விடுவார், வித்தை கெட்டுப்போகும். நீங்கள் துறையிலேயே நில்லுங்கள். எல்லாரும் ஏறியாச்சா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
பத்தாவதாக ஏறுகிற உங்கள் மச்சாள்,
திரேசா