மூன்று நொடிப் பொத்தான்கள்

மார்ச் 3
எங்கள் வீடியோ பிளேயரில் இரண்டு புது வசதிகள் சேர்கின்றன. ஒன்று, திரையைத் தொட்டால் தோன்றும் பொத்தான்கள். மற்றொன்று, பயனரே நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிப் பிளேயரைத் தம் வசதிக்கேற்ப இயக்கிக்கொள்ளும் ஏற்பாடு. விதிமுறை ஆவணம் நான் எழுதியது. பிரிவு 4.2: பொத்தான்கள் மூன்றாம் நொடியில் மறையும், ஸ்கிரிப்ட் அதை மாற்ற இயலாது.

வடிவமைப்பாளர் அம்மையார் விடவில்லை. “மறையுற நேரத்தையாவது ஸ்கிரிப்ட்டுக்கு விடுங்களேன் சார். குடியா முழுகிப் போயிடும்?”

“விதி விதிதான்” என்றேன்.

மார்ச் 9
அக்காவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். எங்களோடு இருக்கிறாள். பேச்சுப் பயிற்சியாளர் தந்த வீடியோக்களை எங்கள் பிளேயரின் சோதனைப் பதிப்போடு டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். வீடியோவில் அவர் ஒரு சொல் சொல்வார். அங்கே நிறுத்தி, அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும்.

காலையில் “பொத்... தான்... டா” என்று ஏதோ தொடங்கினாள். எனக்கு நேரமாகிவிட்டது. “குறை இருந்தா பிளேயர்ல இருக்குற படிவத்துல எழுதுக்கா. வீட்டு ஆளுக்குன்னு தனி வழி கிடையாது” என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

மார்ச் 12
பயனர்கள் படிவத்தில் அனுப்பிய இருபத்தாறு குறைகளை முடித்தேன். பதினொன்றில் பதிப்பு எண்ணே இல்லை. பிரிவு 1.1 விதிப்படி, படிக்காமலே மூடலாம். மூடினேன்.

மார்ச் 27
அக்காவின் பயிற்சிச் சத்தம் கேட்பதில்லை. களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 16
பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். “அஞ்சு வாரமா முன்னேற்றமே இல்லையே சார். முதல் ஆறு மாசம் பொன்னான காலம். வீட்ல பயிற்சி நடக்குதா, இல்லையா?”

அக்காவைக் கேட்டேன். டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்தாள். திரையைத் தொட்டாள். பொத்தான்கள் வந்தன. விரல் நடுங்கி நடுங்கி, நிறுத்தும் பொத்தானை நெருங்குவதற்குள் — காணோம். மறுபடியும் தொட்டாள். மறுபடியும் காணோம்.

“ஏங்க்கா சொல்லலை?”

“எழு... தினேன்.”

ஏப்ரல் 17
தேடி எடுத்தேன். குறை எண் 3117. பெயர் இல்லை.

“பொத்தான் ஓடிப்போகுது. என் கை மெதுவாத்தான் வருது. கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க ஐயா.”

ஐயாவாம். என்னைத்தான். பதிப்பு எண் — காலி. கீழே என் பதில்: “படிவம் முழுமையற்றது. மூடப்பட்டது.”

ஒற்றைக் கையால் இதை அடிக்க அவளுக்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? சீ, என்ன மனுஷன்டா நீ? அவ வாயத் தொறந்து சொன்னப்போ படிவம்னே. படிவத்துல எழுதினா எண் இல்லைன்னே. அவ வேற எங்கடா போவா?

அக்கா என்பதால்தான் சுடுகிறதா? மற்றப் பத்துப் பேர்?

ஏப்ரல் 18
பத்தையும் படித்தேன். மூன்றில் இதே பொத்தான்தான்.

ஏப்ரல் 20
கூட்டத்தில் எழுந்து, 4.2 தவறு, எழுதியவன் நான் என்று சொன்னேன். காரணத்தையும் மறைக்கவில்லை. “அன்னைக்கே சொன்னேனே” என்று வடிவமைப்பாளர் குத்திக்காட்டியிருந்தால் தேவலை. “எத்தனை நொடி வேணும்னு அக்காவையே கேட்டுட்டு வாங்க சார்” என்று மட்டும் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஏப்ரல் 24
4.2-ஐ நீக்கிவிட்டோம். அக்காவுக்கென நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். பொத்தான்கள் மறையா. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் வீடியோ தானே நிற்கும். அவள் தொட்டால்தான் நகரும்.

“என்னை மன்னிச்சுடுக்கா.”

உதட்டைக் கூட்டிக்கொண்டு வெகுநேரம் முயன்றாள். பிறகு, “படி... வத்துல... எழுது” என்றாள்.

எழுதினேன். பதிப்பு எண்ணோடு.

மே 11
பிரிவு 1.1-ஐத் திருத்தினோம்: குறையை எழுதியவர் சரி என்று சொன்ன பிறகே அதை மூடலாம். எனவே 3117 மீண்டும் திறந்திருக்கிறது. பயிற்சி நின்ற அந்த ஐந்து வாரம் போனதுதான்; அதற்கு ஸ்கிரிப்ட் கிடையாது.

“மூடலாமாக்கா?” என்று இன்று கேட்டேன்.

“இரு... டா.”

அடுத்த அறையில் ‘சன்னல்’ என்ற சொல்லில் நிற்கிறாள். பதினான்காவது முறை. ‘ன்ன’ இன்னும் வரவில்லை. வீடியோ காத்திருக்கிறது.