காலை ஏழு மணிக்கே போட்ட டிக்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதியெல்லாம் கேள். உன் அக்காவின் மகன் நெட்டையன் ரயில் எஞ்சின் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான், முந்நூறு பேர் எழுதியதில் பதினொரு பேருக்குத்தான் கிடைத்ததாம், அதில் இவன் நாலாவது. சைக்கிளையே நேராக நிறுத்தத் தெரியாதவன் கையில் ரயிலைக் கொடுக்கப்போகிறார்கள், நான் அதில் ஏறமாட்டேன் என்று அவனிடம் சொன்னேன், சொல்லிவிட்டுப் பக்கத்து வீடு எதிர்வீடு எல்லாவற்றுக்கும் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தேன். அவன் தங்கை மீன்குட்டி நீச்சலில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறாள், தங்கம் வாங்கியவள் இவளைவிட ஒரு முழம் உயரம், அதனால் அதைத் தோல்வி என்று சொல்லக்கூடாது. நீ அந்தக் குளிர்பதனக் கிடங்கில் இருபது பேருக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறாய் என்பது இங்கே தபால்காரர் வரைக்கும் தெரியும். உன் அண்ணன் மகள் வாலு கல்லூரியில் இந்த வருஷமும் வகுப்பில் முதல். இரண்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அவளே உனக்கு முதல் ஆளாகப் போன் போட்டுக் கத்தியிருப்பாள். இப்போது நான் எழுதித்தான் உனக்குத் தெரிகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் போன் பேச்சு என்றால் எல்லாருக்கும் பொதுப் பேச்சு, உன் அப்பா கட்டில் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். அதோடு நான் வாயைத் திறந்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வரும், பேனா என்றால் நின்று நின்று எழுதலாம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. அப்பாவை இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு நீ போனில் வாலுவிடம், உன் விளையாட்டுக்குத் தாத்தாதான் கிடைச்சாரா, ஒரு மணி ஒழுங்கா அடிக்க வைக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் படிப்பு என்று கேட்டாய். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. அவளிடம் சொன்ன அந்த வார்த்தையை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு முதல் தடவை வாய் லேசாகக் கோணி, சரியாகி வீட்டுக்கு வந்தபோது டாக்டர் ஏழு விதமான மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். ஒரு நாள் தாள் ஈரத்தில் நைந்துபோய், ஒரே மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன், அவர் சாயங்காலம் வரை தலைசுற்றிக் கிடந்தார். உன் அண்ணி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓடிவந்து, இனிமே காகிதம் வேணாம் அத்தை, எல்லார் போன்லயும் தெரியற மாதிரி ஒண்ணு வெச்சுக்கலாம் என்றாள். அப்போதுதான் வாலு, செய்யவேண்டிய வேலையையெல்லாம் ஞாபகப்படுத்த ஆப் இருக்கிறது என்று சொல்லி என் போனை வாங்கி உட்கார்ந்தாள். முதலில் போட்டது நாலு கட்டம் போட்டு எது முக்கியம் எது அவசரம் என்று பிரிக்கச் சொன்னது, தாத்தாவுக்குத் தண்ணி கொடுக்கறது முக்கியமா அவசரமா பாட்டி என்று அவள் கேட்க, கேட்டுக்கிட்டு நிக்காம கொண்டுபோய்க் கொடுடி என்று உன் அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். இரண்டாவது ஆப்பில் ஒரு செடி, வேலையை முடித்தால் வளரும், முடிக்காவிட்டால் வாடும். இரண்டே நாளில் அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது, இருக்கிற மனுஷனைப் பார்க்கவே நேரமில்லை, இதில் போனுக்குள்ளே இருக்கிற செடிக்கு வேறு நான் பதில் சொல்லவேண்டுமா, எடு அதை என்றேன். மூன்றாவதுதான் பிடித்தது. பெரிய பெரிய தமிழ் எழுத்து, ஒரே பட்டியல், நாலு பேர் போனிலும் ஒரே மாதிரி தெரியும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன வட்டம், நேரமானால் மணியடிக்கும், யார் வேலையை முடித்தாலும் எல்லார் போனிலும் மணி நின்றுவிடும்.

அதைப் போட்டுவைத்த அன்று வீடே சிரித்துக்கொண்டிருந்தது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, நடை எப்போது, வெந்நீர் ஒத்தடம் எப்போது என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். உன் அப்பா, நாலு மணிக்குப் பாட்டிகூடச் சண்டைன்னு ஒண்ணு போட்டுக்கோ, இல்லேன்னா நாள் போகாது என்றார், அவள் அதையும் எழுதி, தினமும் என்று வைத்துவிட்டாள். கடைசியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி, இந்த வட்டத்தைத் தொட்டா டிக் விழும், எப்பத் தொடணும்னா, என்று ஆரம்பித்தாள். நான் முடிக்கவிடவில்லை. இருபத்தாறு வருஷம் லாண்டரியில டிக் போட்டவளுக்கு நீ டிக் சொல்லித்தர்றியா, போடி அந்தாண்டை என்றேன். அவளும் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் லாண்டரியில் நான் வரவு ஜன்னலில் இருந்தேன், உனக்குத் தெரியும். மூட்டை வந்ததும் பிரித்து, போர்வை, தலையணை உறை, துண்டு என்று சீட்டில் இருப்பதைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டு உள்ளே தள்ளுவேன். துவைத்துத் தேய்த்து ஆள் கையில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த வரியின் மேல் கோடு இழுப்போம். டிக் போட்டாச்சுன்னா பொருள் நம்ம பொறுப்பு என்பார் எங்கள் மேஸ்திரி. என் கைக்குத் தெரிந்த டிக் அதுதான். குளிர்சாதனப் பெட்டிக் கதவுத் தாளிலும் அப்படித்தான் செய்துவந்தேன், காலையில் டிக், கொடுத்ததும் கோடு. அதே மாதிரி தினமும் காலையில் டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்றைய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டேன். அவரை நான் என் பொறுப்பில் ஏற்றுக்கொண்டேன் என்றுதான் எனக்கு அர்த்தம். தொட்டதும் வரி மறைந்துபோகும், ஜன்னல் வழியாக மூட்டை உள்ளே போகிற மாதிரி. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு.

காலை மாத்திரையும் மத்தியான மாத்திரையும் சாப்பாட்டோடு சாப்பாடாகக் கை தானே கொடுத்துவிடும். டாக்டர் அப்புறம் புதிதாகச் சேர்த்த சாயங்கால ஆறு மணி மாத்திரைதான் மணியை நம்பியிருந்தது, ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான மாத்திரை அது. காலையிலேயே டிக் விழுந்துவிட்டதால், அந்த வேலை முடிந்தது என்று ஆப் எடுத்துக்கொண்டு மணி அடிக்கவில்லை. மணி அடிக்காததால், அண்ணி வந்து கொடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். போன் பட்டியலில் அந்த வரி இல்லாததைப் பார்த்து, அத்தை கொடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் தோளோடு தோள் நின்றுகொண்டு, ஒன்பது நாள் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லவந்தார், சொல் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை, வலது கையும் அசையவில்லை. அன்றைக்கு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தால் ஒன்பது மாத்திரை அப்படியே இருந்தன. ஏன் கொடுக்கலை என்று உன் அண்ணன் கேட்டான், மணி அடிக்கலையே என்றேன். அப்போது நான் பொய் சொல்லவில்லை சின்னவனே, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உடனே எல்லாரும் அந்தப் பெண் மேல் பாய்ந்தீர்கள். நீ போனில், உன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில். அவள் தாத்தாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து, அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா ஏதோ தேதி கேட்டார், நான் போனில் தேடும்போது விரல் தவறி வேறு எங்கோ பட்டு, முடிந்தவை என்று ஒரு பட்டியல் திறந்தது. அதில் மாலை மாத்திரை, முடிந்தது, காலை ஏழு நாலு என்று இருந்தது. அதன் கீழே இன்னொன்று, ஏழு இரண்டு. ஒன்பது வரி, ஒன்பதும் காலையில். நான் அந்த அம்மாவிடம் தேதி தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் பன்னிரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதை உனக்கு மறைக்கமாட்டேன். தெரியாமல் செய்தது ஒன்பது நாள், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு நாள், அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தப் பெண் வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துபோனாள்.

பதின்மூன்றாம் நாள் அவள் தன் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அன்னிக்கே தெரியும் பாட்டி, ஆஸ்பத்திரி வராண்டாவிலயே எடுத்துப் பார்த்துட்டேன் என்றாள். பின்னே ஏன்டி இத்தனை பேச்சு வாங்கினே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். தாத்தா கண்ணைத் திறந்ததும் உன்னைத்தானே தேடினாரு, இதைச் சொல்லியிருந்தா நீ அந்தக் கட்டில் பக்கமே வந்திருக்கமாட்டே, அப்ப அவரை யாரு பார்த்துக்கறது என்றாள். பத்தொன்பது வயசு அவளுக்கு. நான் அந்தத் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே, போனது போகட்டும் என்றாள். நான் கேட்கவில்லை, அன்றைக்கே உன் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும்தானே கேட்கலை அத்தை என்றாள். உன் அண்ணன் போய் மகள் அறை வாசலில் நின்றான், உள்ளே போகவும் தெரியவில்லை, திரும்பி வரவும் தெரியவில்லை, கடைசியில் அவளே, வாப்பா என்று கூப்பிட்டாள்.

இனி நீ மட்டும்தான் பாக்கி. நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் மாடிக்குப் போய்விடுகிறாள். சித்தப்பா என்ன சொன்னாரோ அது சரிதான், நான்தான் நின்னு முழுசாச் சொல்லியிருக்கணும் என்கிறாள். உருப்படியாகச் சொல்லித்தரவந்தவளை விரட்டியது நான், அந்தப் பாரத்தையும் அவளே தூக்கிக்கொண்டு திரிகிறாள். என்னை நீ திட்டினால் திட்டிக்கொள், ஒரு மாதம் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். அவளிடம் மட்டும் பேசு. கோபத்துல சொல்லிட்டேன் என்று மழுப்பாதே, தப்பாச் சொல்லிட்டேன் என்று சொல். உன் வேலையிலும் யாராவது சின்னவர்கள் ஒன்றைச் சொல்லித்தர வந்தால் முழுவதும் கேள், தெரிந்ததாகவே இருந்தாலும் கேள். குளிர்க் கிடங்கில் மட்டும் காதில் குளிர் ஏறாமல் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்.

உன் அப்பாவுக்கு இப்போது வாலு புதிதாக ஒரு பட்டியல் செய்து கொடுத்திருக்கிறாள், இடது கையால் தொடுகிற மாதிரி. பத்துத் தடவை விரலை மடக்கி நீட்டுவது, அ, ஆ சொல்லிப் பார்ப்பது, வீட்டு ஆட்களின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முயற்சி செய்வது. என் படத்துக்கு ஒரு சத்தம் கொடுக்கிறார், உன் அண்ணன் படத்துக்குத் தலையாட்டுகிறார். உன் படம் என்று எங்களிடம் இருப்பது நீ புறப்பட்டுப் போன அன்று எடுத்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதைத் தடவிக்கொடுக்கிறார். ஆனால் போன வாரம் நீ போனில் முகம் காட்டிப் பேசினாயே, அப்போது அவர் உன்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்துவிடாதே. நரைத்த தலையோடு கண்ணாடி போட்டுக்கொண்டு இது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நீ நூறு வயசு குறையில்லாமல் இருக்கவேண்டும், உன் கைபட்ட வேலையெல்லாம் நன்றாக முடியவேண்டும், இதுதான் நான் எழும்போதும் படுக்கும்போதும் நினைப்பது. மறக்காமல் இப்போது இருக்கிற மாதிரியே ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, போனில் அனுப்பாதே, அவருக்குக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். தலைக்கு மை பூசாதே, கண்ணாடியைக் கழற்றாதே. கவர் மேல் என் பெயரை எழுதாதே, வாலு பெயரை எழுது. உள்ளே அவளுக்கு இரண்டு வரி எழுதிவை. அவள் அதைப் படித்துவிட்டுப் போட்டோவைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம், இதுதான் சித்தப்பா என்று அவள் வாயால் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா